லீபோவா மண்டபத்தில் ஒரே ஒரு பாட்டு

மொரெனிகேயின் பாட்டுக்கு வாய் உண்டு என்பதே வின்னிபெக் நகரத்தில் குடியேறிய யொரூபாக்காரர்கள் யாருக்கும் தெரியாது. பாட்டின் பெயர் 'வரிசை'. முதலில் பாஸ் கிட்டார் தனியாக நடக்கும். அதன்மேல் இன்னொரு கிட்டார் வந்து ஏறும், பிறகு மேளங்கள், பிறகு ட்ரம்பெட்டும் அவளுடைய சாக்ஸபோனும். எல்லாம் சேர்ந்து சூடேறி, கேட்கிறவர்களின் இடுப்பு அவர்களைக் கேட்காமலேயே அசையத் தொடங்கிய பிறகுதான் அவள் சாக்ஸபோனை இறக்கிவிட்டுப் பாட வாய் திறக்க வேண்டும். ஆஃப்ரோபீட் என்றால் அப்படித்தான். கைப்பேசியைத் தட்டினால் மூன்று நிமிஷத்தில் வந்துவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை. ஆனால் அந்த இடம் வருவதற்குள், எந்த விருந்தாக இருந்தாலும் சரி, கோணல் குல்லாய் வைத்த பெரிய மனிதர் ஒருவர் மேடையோரம் வந்து நின்றுவிடுவார்.

"மேடம், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிறந்தநாள்காரர் பேரை எப்ப சொல்லுவீங்க?"

அவ்வளவுதான். பாட்டை அங்கேயே அறுத்துவிட்டு, பிறந்தநாள்காரரின் பெயர், அவர் அப்பாவின் பெயர், அவர் சொந்த ஊர் இபாடானில் கட்டப்போகிற வீட்டின் மாடி என்று எல்லாவற்றையும் புகழ்ந்து பாட வேண்டும். பாடினால் அவர் எழுந்து ஆடுவார். சுற்றி நிற்பவர்கள் மேளக்காரன் நெற்றியில் நோட்டு ஒட்டுவார்கள். தட்டு நிறைய ஜொல்லோஃப் சோறும் வாழைப்பழ வறுவலும் வரும். நம்மவர்கள் விருந்தில் குறை ஒன்றும் கிடையாது, பாட்டைத் தவிர.

பகலில் முதியோர் இல்லம் ஒன்றில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடுவது மொரெனிகேயின் வேலை. மாலையில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பேண்டோடு பயிற்சி. 'வரிசை'யின் வரிகளை இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே எழுதிவிட்டாள். பயிற்சியில் பாடுவாள், பேண்டுக்காரர்கள் பதில் பாடுவார்கள், சுவர் கேட்கும். வெளியாட்கள் ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஊதுகிற சங்கை ஊதிவைப்போம், விடிகிறபோது விடியட்டும் என்று இருந்து பார்த்தாள். விடிகிற வழியாக இல்லை.

கடைசியில் பேண்டுக்குள்ளேயே புகைந்தது. பாஸ் வாசிக்கிற கோலாப்போ நகரப் பேருந்து ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை, களைத்துப் போனவன்.

"ஆன்ட்டி, குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. நம்ம ஆளுங்களுக்கு அவங்க பேரு வேணும், உங்களுக்கு உங்க பாட்டு வேணும். நடுவுல என் முதுகு போகுது."

"உன் முதுகு பஸ் ஓட்டிப் போகுது. என் பாட்டு மேல பழி போடாதே."

"பஸ்ஸாவது கடைசி ஸ்டாப் வரைக்கும் போகுதே, ஆன்ட்டி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் குத்தியது. கோலாப்போ விடவில்லை. பேண்டைத் தன்னிடம் கொடுத்தால் விருந்துப் பாட்டு மட்டும் வாசித்து எல்லோரையும் நிம்மதியாக வைத்திருப்பேன் என்றான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதில் சம்மதம்தான் என்று அவளுக்குப் புரிந்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"லீபோவாவுல வாசிக்கப் போறோம் இல்ல? அங்க 'வரிசை' ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஓடலைன்னா பேண்டு உன்னுது. நான் உன் பின்னால நின்னு ஊதறேன். என் பாட்டு எதையும் அப்புறம் எடுக்கவே மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். லீபோவா என்பது வெகுதூரம் வடமேற்கே, உக்ரேனியக் குடியானவர்களின் பேரப்பிள்ளைகள் கோதுமை விளைவிக்கிற சின்ன ஊர். அங்கே மாதம் ஒரு ஞாயிறு மதியம் மண்டபத்தில் போல்கா என்கிற ஜோடி ஆட்டம் நடக்கும். அந்த மாதம் வாசிக்க வேண்டிய அக்கார்டியன்காரர் பனியில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டார். மண்டபத்தைக் கவனிக்கும் மைரன் என்பவரின் தாயார், மொரெனிகே வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இருந்தாள். வேறு ஆள் கிடைக்காமல் மைரன் இவளிடம் கேட்டார்.

"ஆடறதுக்கு வாசிப்பீங்களா?"

"நாங்க வாசிக்கறதே ஆடறதுக்குத்தான்" என்றாள். எந்த ஆட்டத்துக்கு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வேன்களில் கிளம்பினார்கள். இருபுறமும் பனி மூடிய வயல். வழியில் மொரெனிகே ஒரு சட்டம் போட்டாள்.

"இது விருந்து இல்ல, கச்சேரி. யாரும் மேடையை விட்டு இறங்கக் கூடாது. காலடியில போய் வாசிக்கறது, மண்டி போடறது, புகழறது ஒண்ணும் வேண்டாம். இறங்கினவங்க அப்படியே வீட்டுக்குப் போகலாம்."

அது யாருக்குச் சொன்னது என்று எல்லோருக்கும் தெரியும். அயன்லேரேக்குத்தான். பெயரிலேயே மேளத் தெய்வம் 'அயன்' இருக்கிற மேளக்காரக் குலத்தான். அவன் மேளம் உடுக்கைக்கு அண்ணன் மாதிரி இடை சிறுத்தது. அக்குளில் இடுக்கிக் கயிற்றை நெருக்கினால் குரல் ஏறும், விட்டால் இறங்கும், மனிதன் பேசுகிற மாதிரியே பேசும். விருந்தில் ஒருவர் நாற்காலியை விட்டு எழவில்லை என்றால் இவன் போய் அவர் காலடியில் குனிந்து, எழுகிற வரைக்கும் விடமாட்டான்.

"இறங்கக் கூடாதுன்னா எப்படி, ஆன்ட்டி?" என்றான் அயன்லேரே. "எங்க பாட்டன் காலத்துல இறங்கறதுக்கு மேடையே கிடையாது."

"இப்ப இருக்கு. அதுல நில்லு."

மண்டபத்தில் சுவரோரமாக நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. பெரும்பாலும் நரைத்த தலைகள். பனிக் காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு, பையில் பத்திரமாகக் கொண்டுவந்த தோல் அடி போட்ட ஆட்டச் செருப்புகளை மாட்டியிருந்தார்கள். கால் வழுக்கிக்கொண்டு போக மரத்தளத்தில் மெழுகுத் தூள் தூவியிருந்தார்கள். சமையல்கட்டில் பெண்கள் கூட்டமாக நின்று உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பெரோகி மடித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் கறுப்பர்களா வெள்ளையர்களா என்று ஊரார் ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு சத்தம் போதுமான அளவு வருமா என்று ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். ஆட வந்தவர்களுக்கு அதுதானே கவலை.

கோலாப்போ பாஸைத் தொடங்கினான். உடனே ஜோடி ஜோடியாக எழுந்து தளத்துக்கு வந்தார்கள். மொரெனிகேக்கு நெஞ்சு குளிர்ந்தது. கைகோத்து, தோளில் கை வைத்து, தயாராக நின்றார்கள். கிட்டார் ஏறியது, நின்றார்கள். மேளம் ஏறியது, நின்றார்கள். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து ஊதி முடித்தன. ஒரு கால்கூட அசையவில்லை. ஒரு முகத்திலும் சிரிப்பு இல்லை, சுளிப்பும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி எல்லோரும் மேடையையே பார்த்தார்கள்.

நம்மவர்களுக்கு எதையும் தாங்க முடியும், மௌனத்தைத் தாங்க முடியாது. பாட்டு பிடித்தால் கத்துவோம், கைக்குட்டையை வீசுவோம். பிடிக்காவிட்டால் பாடுகிறவளின் காதில் விழுகிற மாதிரி திட்டுவோம். பேசாமல் நின்று பார்க்கிற கூட்டம் என்றால் அது வெறுத்துவிட்ட கூட்டம் என்றுதான் பேண்டில் ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டார்கள். கிட்டார்க்காரன் குனிந்துகொண்டான். ட்ரம்பெட்டுக்கு மூச்சு வாங்கியது. பாட வேண்டிய இடம் நெருங்க நெருங்க, இந்தக் கல் முகங்களிடம் தன் சொற்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதா என்று மொரெனிகேக்குப் பயம் வந்தது. கையைத் தூக்கினாள். பாட்டு நின்றது.

மரியாதையாகக் கை தட்டினார்கள். மைரன் மேடையோரம் வந்தார்.

"ரொம்ப நல்லா சுதி சேர்த்தீங்க. அவசரமே இல்ல, சும்மா கேட்டேன். எப்ப ஆரம்பிக்கலாம்?"

அயன்லேரே மேளத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான். தோள் குலுங்கியது.

கோலாப்போ அவள் பக்கம் சாய்ந்தான். "ஆன்ட்டி, இங்க யாருக்குப் பிறந்தநாள்னு கேட்டுடலாமா?"

அவளுக்குக் கேலி உறைத்ததைவிட வேறொன்று உறைத்தது. இத்தனை வருஷமும் குல்லாய்க்காரர்கள்தான் தன் பாட்டை அறுக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு யாரும் அறுக்கவில்லை. இந்த ஜனங்கள் பாவம், எப்போது தொடங்கும் என்று கால் கடுக்க நின்றிருக்கிறார்கள். அறுத்தது இவளேதான். அவள்மீதே அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"மறுபடியும்" என்றாள்.

"எதை?"

"அதையேதான்."

"முடிஞ்சுபோச்சு ஆன்ட்டி. ஓடலை. பந்தயம்..."

"மைரன் என்ன சொன்னார்? இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னுதானே. ஆரம்பி."

கோலாப்போ உதட்டைப் பிதுக்கினான். ஆனால் நியாயம் நியாயம்தான். பாஸ் மறுபடி நடந்தது. ஜோடிகள் மறுபடி எழுந்து வந்து, மறுபடி கைகோத்து, மறுபடி நின்றார்கள். முன்னால் ஒரு கிழவி மட்டும் ஜோடி இல்லாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஒரீசியா என்று பெயர். கணவர் போன பிறகும் ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறவள். நீலக் கவுன், நீலச் செருப்பு, எப்போது கூப்பிடுவார்கள் என்ற முகம்.

மொரெனிகே அந்த முகத்தைப் பார்த்தாள். தான் போட்ட சட்டத்தையும் நினைத்தாள். தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. ஊதிக்கொண்டே மேடையை விட்டு இறங்கினாள்.

பின்னால் அயன்லேரேயின் குரல் கேட்டது. "அப்ப யார் வீட்டுக்குப் போகணும், ஆன்ட்டி?" சொல்லிக்கொண்டே அவனும் குதித்தான்.

நேரே ஒரீசியாவின் முன்னால் போய், சாக்ஸபோனை வாயிலிருந்து எடுக்காமல், மொரெனிகே இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி மண்டியிட்டாள். யொரூபாப் பெண் பெரியவர்கள் முன்னால் மண்டியிடுவது மூச்சு விடுகிற மாதிரி. விருந்தில் அப்படிச் செய்தால், மண்டியிடப்பட்ட அம்மாள் பூரித்துப்போய்த் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து ஆடுவாள். ஒரீசியாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அவள் ஊரில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண் திடீரென்று முழங்காலில் சரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"அடடா, முழங்கால் விட்டுப்போச்சா, கண்ணு?" என்றாள். "எனக்கும் இதே கதைதான். பிடிச்சுக்கோ."

குனிந்து மொரெனிகேயின் இரண்டு கைகளையும் பற்றினாள். மாடு கறந்த கை. சாக்ஸபோன் கழுத்து வாரில் தொங்க, மொரெனிகே ஒரே இழுப்பில் நின்றுவிட்டாள். "இல்லம்மா, இது எங்க..." என்று விளக்கப் போனாள்.

"நல்லவேளை, எழுந்தாச்சு. எழுந்தவ எழுந்தவதான், வா" என்றாள் ஒரீசியா. கிடைத்த ஜோடியை அவள் விடுவதாக இல்லை. இடது கை தோளுக்கு ஏறியது. ஒரு எட்டு, ஒரு துள்ளல். மொரெனிகேயைச் சுழற்றிக்கொண்டு தளத்தில் இறங்கினாள்.

அயன்லேரே குனிந்தபடி அந்த நீலச் செருப்பையே பார்த்தான். ஆடுகிறவன் காலைப் பார்த்துத்தான் மேளம் அடிக்க வேண்டும் என்பது அவன் குலத்துச் சட்டம். எட்டு, துள்ளல், எட்டு, துள்ளல். வளைந்த குச்சி அதைப் பிடித்துக்கொண்டது. மேடையில் ஓடிய பாட்டை அவன் தொடவில்லை. அதன் தோளில் இந்தத் துள்ளலை ஏற்றி உட்கார வைத்தான். அது அங்கேயே பிறந்து வளர்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

ஓ, இங்கேதான் ஆரம்பமா என்று மற்றவர்களுக்கு அப்போது புரிந்தது. மண்டபம் மொத்தமும் ஒரே திசையில் சுற்றத் தொடங்கியது. கிழவர்கள் கனத்த செருப்பால் தளத்தை இடித்தார்கள். ஒவ்வொரு இடிக்கும் கோலாப்போவின் பாஸ் பதில் சொன்னது. கிட்டார்க்காரன் நிமிர்ந்துவிட்டான். ட்ரம்பெட்காரன் மொரெனிகே ஊத வேண்டியதையும் சேர்த்து ஊதினான். மாவுக் கையோடு சமையல்கட்டுப் பெண்கள் வெளியே வந்து, ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு கலந்தார்கள். முதுகில் எல்லாம் வெள்ளைக் கை அச்சு.

சுற்றிச் சுற்றி இழுபட்ட மொரெனிகேக்கு மூச்சு முட்டியது, சிரிப்பும் முட்டியது. தன் பேண்டை அவள் எப்போதும் மேடையில் நின்று பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறாள். ஆடுகிறவர்கள் நடுவில் நின்று கேட்டதே இல்லை. பாஸ் நடக்கிறது, கிட்டார் அதைக் கிள்ளுகிறது, மேளம் இருவரையும் கேலி செய்கிறது. அது நல்ல பாட்டு என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. எழுதியவளுக்கே கண் கலங்கிவிட்டது.

பாட வேண்டிய இடம் வந்தபோது அவள் மண்டபத்தின் மறுகோடியில் இருந்தாள். அங்கே நிறுத்தியிருந்தால் பேண்டு கோலாப்போவுடையது. பாட்டு முடியவில்லை என்று யாரும் சாட்சி சொல்வார்கள். கோலாப்போ நிறுத்தவில்லை. அந்த நாலு சுரத்தையே மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டு, அவள் சுற்றி வருகிற வரைக்கும் பாட்டை அங்கேயே பிடித்து வைத்திருந்தான். ஸ்டாப்பில் ஓடிவருகிற பயணிக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிற ஓட்டுநர் போல.

அவள் மேடையைக் கடக்கும்போது கத்தினான். "ஆன்ட்டி, வாய் திறக்கற இடம். எவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன்?"

"மைக்கைக் கொடு."

"ஏறி வாங்க."

"இறங்கினவ இறங்கினவதான். இங்க கொடு."

மைரன் மைக்கை வாங்கி, கம்பியை இழுத்துக் கீழே நீட்டினார். ஒரீசியாவின் ஒரு கையை விடாமலேயே மொரெனிகே பாடினாள்.

"வரிசையில நில்லுன்னான், நின்னேன். காகிதம் ஒண்ணு குறையுதுன்னான், கொண்டாந்தேன். இந்த நாட்டு அனுபவம் இருக்கான்னான். வெளியில பெய்யற பனியைக் கேளு, அது சொல்லும்னேன்."

ஒவ்வொரு அடி முடிந்ததும் பதில் வர வேண்டும். "அ தி டே" என்று பேண்டுக்காரர்கள் மேடையிலிருந்து பாடினார்கள். மண்டபம் ஆடிக்கொண்டே கேட்டது.

"அதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள் ஒரீசியா, மூச்சு வாங்க.

"வந்து சேர்ந்துட்டோம்னு அர்த்தம், அம்மா."

ஒரீசியா ஒரு எட்டு தவறினாள். அன்றைக்கு அவள் தவறியது அது ஒன்றுதான். அவள் தாய் கப்பலில் வந்தவள். இறங்கின துறைமுகத்தில் நாள் கணக்காக வரிசையில் நின்றவள். அடுத்த அடி முடிந்ததும் ஒரீசியா மைக்குக்கு நேராகத் தலையை நீட்டி, மாட்டைக் கொட்டிலுக்குக் கூப்பிடுகிற குரலில் பதில் கொடுத்தாள்.

"அ தி டே."

பக்கத்து ஜோடி பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த ஜோடி. ஒரு சுற்று முடிவதற்குள் மண்டபமே பதில் சொன்னது. உச்சரிப்பு கண்றாவிதான். ஆனால் கூரை அதிர்ந்தது. மொரெனிகே கேள்வியைப் போடப் போட, கல் முகங்கள் என்று அவள் பயந்த அந்த முகங்கள் சிவந்து, வேர்த்து, வாயைப் பிளந்து அவளுக்குப் பதில் கொடுத்தன. எழுதி வைத்த வரிகள் தீர்ந்த பிறகும் அவர்கள் விடவில்லை. அவள் புதிதாகக் கட்டிப் பாடினாள். உடைந்த கையோடு நாற்காலியில் இருந்த அக்கார்டியன்காரரை வைத்து ஒன்று, பெரோகி அடுப்பில் கருகுவதை வைத்து ஒன்று. சமையல்கட்டிலிருந்து ஒருத்தி அலறியடித்துக்கொண்டு அடுப்பை அணைக்க ஓடினாள், போகிற போக்கில் பதிலையும் சொல்லிவிட்டு.

மொரெனிகே முடிக்கலாம் என்று கையைத் தூக்கியபோது பேண்டில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டாம் முறை தூக்கினாள். அயன்லேரே வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாம் முறை அவள் முறைத்த பிறகுதான் பாட்டு, எழுதப்பட்ட அதே இடத்தில், எழுதப்பட்ட அதே விதமாக முடிந்தது.

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. ஒரீசியா நாற்காலிக்குப் போகாமல் தளத்திலேயே நின்று செருப்பு வாரை இறுக்கினாள். வாத்தியங்களை மூட்டை கட்டுவதற்கு இன்னும் பாதி மதியம் இருந்தது. மொரெனிகே மேடையை நிமிர்ந்து பார்த்தாள். விருந்துக்கு விருந்து அடுத்த பாட்டைத் தானே தொடங்கிவிடுகிற கோலாப்போ இப்போது தொடங்கவில்லை. சட்டையெல்லாம் நனைந்து, நரம்புகளின்மேல் கையை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லுங்க, ஆன்ட்டி" என்றான். "உங்க பாட்டுல அடுத்தது எது?"

யாரும் கேட்டிராத பாட்டுகள் அவளிடம் நிறைய இருந்தன. எல்லாம் நீளமானவை. இருப்பதிலேயே நீளமான ஒன்றின் பெயரைச் சொல்லிவிட்டு சாக்ஸபோனை எடுத்தாள்.